மழையை நம்பாத மின்சாரம்

மழை பொய்த்தால் பயிர் கருகும் என்பது எல்லோருக்கும் தெரியும். மின்விளக்கும் அணையும் என்பது கென்யாவுக்கு 1999, 2000 வறட்சியில் உறைத்தது. அப்போது நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு நீர்மின் நிலையங்களிலிருந்தே வந்தது. அணைகள் வற்றியதும் நைரோபியில் வீட்டுக்கும் ஆலைக்கும் முறைவைத்து மின்வெட்டு. வாடகைக்கு டீசல் ஜெனரேட்டர்கள் வந்து இறங்கின. அதன் செலவு மக்கள் தலையில்தான் விடிந்தது.

தானா ஆற்றில் வரிசையாக ஐந்து மின்நிலையங்கள் இருக்கின்றன. உச்சியில் மசிங்கா, அதன் கீழே கம்புரு, கிட்டாரு, கிண்டாருமா, கியாம்பெரே. ஒரு நிலையத்தில் டர்பைனைச் சுற்றிவிட்டு இறங்கும் தண்ணீரே அடுத்ததிலும் சுற்றும். ஐந்தும் சேர்ந்தால் சுமார் 600 மெகாவாட். கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் தண்ணீரைச் சேர்த்துவைக்கும் மசிங்கா காய்ந்தால் கீழே உள்ள நான்கும் சேர்ந்து திணறும். 2009 வறட்சியில் மசிங்கா நிலையத்தையே நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. 2024இலோ அதே அணை நிரம்பி வழிந்தது. இப்படி ஒரு வானத்தை நம்பி எந்த ஆலைக்காரர் மூன்று ஷிஃப்ட் ஓட்டுவார்?

அந்தக் கவலை ஓல்கரியாவில் கிடையாது. நைரோபிக்கு வடமேற்கே, நைவாஷா ஏரிக்குத் தெற்கே, பிளவுப் பள்ளத்தாக்கின் தரையில் இருக்கிறது ஓல்கரியா. பூமியின் மேலோடு மெல்ல விலகிக்கொண்டிருக்கும் இடம் அது. எரிமலைக் குழம்பு அதிக ஆழத்தில் இல்லை. மழைநீர் பாறை இடுக்குகளில் இறங்கி, அங்கே பல காலம் கிடந்து காய்கிறது. 1950களிலேயே துளையிட்டுப் பார்த்தார்கள். கிடைத்த ஆவி போதாமல் கைவிட்டார்கள். 1970களில் எண்ணெய் விலை எகிறியபோது மறுபடி ரிக் வந்தது. 1981இல் 15 மெகாவாட்டில் முதல் டர்பைன் சுற்றியது; 1985க்குள் அது 45 ஆனது.

நம்மூர் போர்வெல் போலத்தான் இதுவும். இரண்டு, மூன்று கிலோமீட்டர் இறக்க வேண்டும், தண்ணீருக்குப் பதில் சீறிக்கொண்டு ஆவி வரும், அவ்வளவுதான் வித்தியாசம். மேலே வருவதில் ஆவியையும் கொதிநீரையும் தனியே பிரிப்பார்கள். ஆவி டர்பைனுக்குப் போகும். கொதிநீரை வேறொரு கிணறு வழியே மறுபடி பூமிக்குள் செலுத்துவார்கள். இல்லாவிட்டால் கீழே அழுத்தம் குறைந்துகொண்டே போகும். ஒரு கிணறு தோண்ட பல பத்து லட்சம் டாலர் ஆகும். தோண்டிய பிறகு ஆவி வராமலும் போகலாம். தனியார் முதல் போடத் தயங்குவது அதனால்தான். ஆரம்பச் சூதாட்டத்தை அரசுப் பணமும் வெளிநாட்டுக் கடனும்தான் ஆடின.

2014இல் ஒரே மூச்சில் 280 மெகாவாட் சேர்ந்தது. இன்று கென்யாவின் மின்சாரத்தில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு பூமிக்குள்ளிருந்து வருகிறது. நீர்மின்சாரம் அதற்கு வெகுவாகப் பின்தங்கிவிட்டது. இரவில் தேவை இறங்கும்போது ஆவியைச் சும்மா வெளியே விடுகிற அளவுக்கு வசதி.

இந்த வசதியில்தான் எனக்கு ஒரு உறுத்தல். பூமிக்குள் சூடு இருக்கிற இடத்துக்கு மேலே ஆட்களும் இருக்கிறார்கள். ஓல்கரியா மசாய் மக்களின் மேய்ச்சல் நிலம். 1984இல் பக்கத்தில் ஹெல்ஸ் கேட் தேசியப் பூங்கா வந்து ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது. அப்புறம் குழாய்கள் வந்தன. வெள்ளிபோல் மின்னும் ஆவிக் குழாய்களை, ஒட்டகச்சிவிங்கிகள் போக வளைத்து உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். அருகிலிருந்த மசாய் குடிசைகளிலோ நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்குதான். உயரழுத்தக் கம்பி தலைக்கு மேலே போனது, வீட்டுக்குள் வரவில்லை.

2014 விரிவாக்கத்துக்காக நான்கு குடியிருப்புகளைப் பெயர்த்தார்கள். சுமார் நூற்றைம்பது குடும்பங்கள். அவற்றில் ஒன்று சுற்றுலாப் பயணிகளுக்கு மணிமாலை விற்று, ஆடிக் காட்டிப் பிழைத்த ஊர். புது இடத்தில் ஒரே அச்சில் வார்த்த வீடுகள், பள்ளிக்கூடம், மருத்துவ நிலையம் எல்லாம் கட்டித் தந்தார்கள். பழைய குடிசையைவிட இது மேல் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் மாட்டுக்காரனுக்கு வீட்டைவிட நிலம்தானே முக்கியம்? நிலம் ஓடை அரித்த பள்ளமும் மேடுமாக இருந்தது, பாதை சரியில்லை, மாலை வாங்க வரும் பயணிகள் தூரமாகிவிட்டார்கள். மசாய் மக்கள் மனு எழுதியது உள்ளூர் அதிகாரிக்கு அல்ல, கடன் கொடுத்த வெளிநாட்டு வங்கிகளுக்கு. யாரிடம் கேட்டால் காரியம் நடக்கும் என்று தெரிந்திருக்கிறது! அதன் பிறகே பேச்சுவார்த்தை நடந்து, 2016இல் உடன்பாடு கையெழுத்தானது.

அணை கட்டினால் ஊர் மூழ்குவது கண்ணுக்குத் தெரியும், கூட்டம் கூடும், பத்திரிகைகள் எழுதும். கிணறு தோண்டுகிற இடத்தில் எதுவும் மூழ்குவதில்லை. முதலில் ஒரு வேலி, பிறகு ஒரு சாலை, பிறகு ஒரு குழாய். மாடு சுற்றிப் போக வேண்டிய தூரம் மட்டும் வருடா வருடம் கூடும். இதற்கு என்ன நஷ்டஈடு என்று எந்தக் கணக்கிலும் இல்லை. பசுமை மின்சாரம் என்ற நல்ல பெயர் இருப்பதால் கேட்பவர்களும் குறைவு.

ரிக்குகள் இப்போது பள்ளத்தாக்கில் வடக்கே நகர்ந்துவிட்டன. நகூரு அருகே மெனெங்காய் எரிமலைவாயில் மின்சாரம் வரத் தொடங்கிவிட்டது. இன்னும் வடக்கே, பாரிங்கோ ஏரியைத் தாண்டி பாக்கா எரிமலையில் கிணறுகள் இறங்கியாயிற்று. அங்கே மாடு மேய்ப்பவர்கள் போக்கோட் மக்கள். கூட்டு நிலத்துக்கு உரிமை தரும் சட்டம் கென்யாவில் 2016லேயே வந்துவிட்டது. பாக்காவில் குழாய் பதிக்கும் முன்பு அந்த உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டால், போக்கோட் மக்கள் வெளிநாட்டு வங்கிக்கு மனு எழுத வேண்டியிராது.