கைராசிக்காரர் கைவிட்ட கதை!

தர்மபுரி ஜில்லா, சிட்லிங்கி பக்கம் ஒரு கிராமம். ஆபீஸ் நண்பனின் தங்கை கல்யாணம். காலையில் எழுந்தால் நிமிர முடியவில்லை. அப்படி ஒரு வயிற்று வலி! ராத்திரி மூணு ரவுண்டு கறிச்சோறு அடிச்சதோட பலன் என்று எல்லாரும் சிரித்தார்கள்.

"எங்க வைத்தியர் கஷாயம் குடுத்தா பறந்துடும்டா" என்று நண்பன் இழுத்துப் போனான்.

திண்ணையில் இருந்த பெரியவர் நாடி பார்த்தார். அடிவயிற்றில் வலப்பக்கம் மெதுவாக அமுக்கி, டக்கென்று விரலை எடுத்தார். நான் போட்ட அலறலில் அவர் வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

"இது நம்ம மருந்துக்கு அடங்காது சாமி. பேதிக்குக் குடுத்தா குடல் வெடிச்சுடும். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு."

அப்பெண்டிக்ஸ்! அன்றே சிட்லிங்கியில் ஆபரேஷன்.

1993ல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் அவர் மனைவி டாக்டர் லலிதாவும் ஒரு குடிசையில் ஆரம்பித்த ஆஸ்பத்திரி அது. அதற்கு முன் மலைவாசிகள் டாக்டரைப் பார்க்க 48 கிலோ மீட்டர் போகணும். ஆபரேஷன் என்றால் 100 கிலோ மீட்டருக்கு மேல். பிறந்த 1000 குழந்தைகளில் 147 ஒரு வயசைத் தாண்டவில்லை. டாக்டர்கள் அந்தந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். எதை வீட்டிலேயே பார்க்கலாம், எதற்கு வண்டி கட்டணும் என்று! 147 பிற்பாடு 20 பக்கம் இறங்கியது.

நாட்டு வைத்தியர்களையும் கூட்டுச் சேர்க்கலாம் என்று 1978லேயே அல்மா ஆட்டா உலக மாநாடு சொல்லியாச்சு. தென்னாப்பிரிக்காவில் பாரம்பரிய வைத்தியர்களுக்கு காசநோய் அறிகுறிகளைச் சொல்லிக் கொடுத்து, நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வைத்தார்கள்.

தையல் பிரித்ததும் வெற்றிலை பாக்கு, ஒரு வேட்டியோடு பெரியவரைப் பார்க்கப் போனேன். என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

"எத்தனையோ பேரை அனுப்பிட்டேன் சாமி. போனவன் பொழச்சானா, போயிட்டானான்னு ஒருத்தனும் வந்து சொன்னதில்லை. நான் பார்த்தது சரியா தப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்? ராத்திரி தூக்கம் வராது."

எனக்குச் சுருக்கென்றது. வேட்டி வாங்குகிற யோசனைகூட நண்பனுடையதுதான்.

"இப்படி அனுப்பினா உங்க கைராசி என்னாகும்?" என்றேன்.

"'கெழவனுக்கு மருந்து மறந்துபோச்சு'ன்னு ஏற்கெனவே ரெண்டு பேர் பேசறான். நீ ஒண்ணு பண்ணு. சட்டையைத் தூக்கி அந்தத் தழும்பைக் காட்டிக்கிட்டே தெருவுல ஒரு சுத்து சுத்திட்டு வா."

சுற்றினேன். எல்லாரும் வந்து பார்த்தார்கள். அந்த ஆடு மட்டும் ஒதுங்கியே நின்றது.