கோடையிலே உறையும் வானம்

குளத்தில் கல்லெறிந்தால் நீரில் அலை எழுவதை நாம் அறிவோம். நம் தலைக்கு மேலுள்ள காற்றுக் கடலிலும் அலைகள் உண்டு. மலையில் மோதும் காற்றும், பொங்கியெழும் இடிமுகிலும் வளியை மேலே தள்ளுகின்றன. புவியீர்ப்பு அதனைக் கீழே இழுக்கின்றது. இவ்வூசலாட்டத்திற் பிறப்பனவே புவியீர்ப்பு அலைகள்.

உயரே செல்லச் செல்ல வளி ஐதாவதால் இவ்வலைகள் பெருக்கின்றன. ஈற்றில், கரையை அடைந்த கடலலை போல் உடைந்து, தம் உந்தத்தை அங்குள்ள காற்றுக்கு அளிக்கின்றன. அதனால் எழும் காற்றோட்டம் கோடைத் துருவத்தில் வளியை மேலெழுப்பி, விரிந்து குளிரச் செய்கின்றது. ஆகவே, ஏறத்தாழ 85 முதல் 90 கிலோமீற்றர் உயரத்தில், சூரியன் மறையாத கோடையே மாரியினும் குளிர்ந்தது! அங்கு வெப்பநிலை பூச்சியத்தின் கீழ் 140 பாகை சதமளவுக்குத் தாழ்கின்றது.

மேல்வானில் இவ்வலைகள் உலவுவதை 1960 ஆம் ஆண்டில் கொலின் ஹைன்ஸ் விளக்கினார். அலை உடைவதைக் கணிக்கும் எளிய முறையை 1981 இல் ரிச்சட் லின்ட்சன் வகுத்தார்.

கணனியோ வளிமண்டலத்தைக் கட்டங்களாகப் பிரித்தே கணக்கிடுகின்றது. கட்டத்தின் அகலம் நூறு கிலோமீற்றராயின், அதனிற் சிறிய அலை வலைக்கண்ணில் நழுவும் மீன்குஞ்சுபோல் தப்பிவிடும். அதன் விளைவைத் தனிச் சூத்திரத்தால் சேர்த்தல் வேண்டும். மலையலைகளின் தடையைச் சேர்க்காத முன்னறிவிப்புகள் வடகோளத்தின் மாரிகால மேலைக்காற்றை மிகைப்படுத்திக் காட்டின. 1980களில் அதனைச் சேர்த்த பின்னரே அப்பிழை குறைந்தது.

கணக்கில் விடுபட்ட சிற்றலை பெருங்காற்றையே பிழையாக்கும் என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்வார்களாக.