நம் பிரதிநிதியின் ஓட்டு எந்தப் பக்கம்?

ஓட்டுச் சாவடிக்குள் நாம் போடும் ஓட்டு இரகசியம். யாருக்குப் போட்டோம் என்று கேட்க மணியக்காரருக்கும் உரிமையில்லை, மந்திரிக்கும் உரிமையில்லை. ஆனால் நாம் தேர்ந்தெடுத்து அனுப்புகிறவர் சபையில் போடும் ஓட்டு இரகசியமாக இருக்கக் கூடாது. நாம் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவரோ நமக்குப் பதில் சொல்ல வேண்டியவர். ஆகையால் நம் ஓட்டுக்குத் திரை வேண்டும், அவர் ஓட்டுக்கு வெளிச்சம் வேண்டும். ஜனநாயகத்தின் ஆதாரமான ஏற்பாடு இது.

நடைமுறையில் காண்பது என்ன? தேர்தல் வந்ததும் கள்ளக்குறிச்சிக் கடைவீதியிலும், அடிவாரத்துக் கச்சிராயபாளையத்திலும், மலைமேல் வெள்ளிமலையிலும் ஒலிபெருக்கிகள் முழங்குகின்றன. அபேட்சகர்கள் கூப்பிய கையை இறக்குவதில்லை. சாலை வருமா, பஸ் வருமா, ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வருவாரா என்று நாம் கேட்கிறோம். எல்லாம் நியாயமான கேள்விகளே. ஆனால், “ஐயா, போன ஐந்து வருஷத்தில் இன்னின்ன மசோதாக்கள் வந்தபோது தாங்கள் எந்தப் பக்கம் ஓட்டளித்தீர்கள்?” என்று கேட்பவரைக் காண்பது அரிது. சட்டம் செய்வதற்கென்றே ஒருவரை அனுப்பிவிட்டு, சட்டத்தைத் தவிர மற்றெல்லாவற்றையும் விசாரிக்கிறோம்!

இந்தக் கேள்வியைக் கேட்பது எப்படி, அதற்கு விடை எங்கே கிடைக்கும், எங்கே கிடைக்காது என்பதைச் சற்று ஆராய்வோம்.

குரலும் கணக்கும்

பார்லிமெண்டில் ஒரு மசோதாவை ஓட்டுக்கு விடும்போது சபாநாயகர் முதலில் குரலைக் கேட்கிறார். ஆதரிப்போர் “ஆம்” என்பார்கள். எதிர்ப்போர் “இல்லை” என்பார்கள். எந்தக் குரல் ஓங்கியது என்று காதால் தீர்மானித்து அவர் முடிவைச் சொல்லிவிடுகிறார். இது குரல் வாக்கெடுப்பு. அந்த முடிவை ஓர் அங்கத்தினர் ஆட்சேபித்து ‘டிவிஷன்’ கேட்டால், மணி அடிக்கப்படும், வெளியே இருப்பவர்கள் உள்ளே வருவார்கள், கதவுகள் சாத்தப்படும். ஒவ்வொருவரும் பொத்தானை அழுத்தியோ, சீட்டில் எழுதியோ தம் ஓட்டைத் தெரிவிப்பார்கள். யார் எந்தப் பக்கம் என்பது பெயரோடு சபை நடவடிக்கைக் குறிப்பில் அச்சாகும்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பள்ளிக்கூட வாத்தியாருக்கு நன்றாகத் தெரியும். “வீட்டுப் பாடம் எழுதினீர்களா?” என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டால், நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில் “எழுதினோம், சார்!” என்பார்கள். நோட்டுப் புத்தகத்தை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தால் அல்லவா சங்கதி வெளியாகும்? குரல் வாக்கெடுப்பு வகுப்பின் கூச்சலைப் போன்றது. டிவிஷன் நோட்டுப் புத்தகத்தைப் போன்றது.

மலைக்கு எட்டாத பட்டியல்

கல்வராயன் மலைக்கு இந்த விஷயம் மிக நெருங்கிய சம்பந்தம் உடையது. மலையாளிகள் என்னும் பழங்குடியினர் வாழும் இம்மலை, தேசம் சுதந்திரம் அடைந்த பின்னும் நெடுங்காலம் மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. 1976-ம் வருஷத்திலேதான் அந்த ஜாகீர் முறை முடிவுற்றது. இன்று இம்மலையின் கிழக்குப் பாகம் 2019-ல் அமைந்த கள்ளக்குறிச்சி ஜில்லாவிலும், மேற்குப் பாகம் சேலம் ஜில்லாவிலும் இருக்கின்றன. லோக்சபைக்கோ ஒரே தொகுதி: கள்ளக்குறிச்சி, ரிஷிவந்தியம், சங்கராபுரம், ஆத்தூர், கெங்கவல்லி, ஏற்காடு என்ற ஆறு சட்டசபைத் தொகுதிகள் சேர்ந்து ஓர் அங்கத்தினரை டில்லிக்கு அனுப்புகின்றன.

சாமையும் மரவள்ளியும் பயிரிட்டு, கடுக்காயும் புளியும் சேகரித்து வாழும் இம்மக்களுக்கு முக்கியமானவை வனச் சட்டங்கள். 2006-ம் வருஷத்தில் இயற்றப்பட்ட வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13-ந் தேதிக்கு முன்பிருந்தே வனநிலத்தில் பயிர் செய்து வரும் பழங்குடிக் குடும்பத்துக்கு, அது உண்மையாக உழுது வரும் அளவுக்கு, நான்கு ஹெக்டேர் வரையில் உரிமை தருகிறது. அதாவது சுமார் பத்து ஏக்கர் வரை. உரிமை கோரும் மனு முதலில் செல்ல வேண்டிய இடம் கிராம சபை.

அடுத்தது 1980-ம் வருஷத்து வனப் பாதுகாப்புச் சட்டம். இதைத் திருத்தும் மசோதா 2023-ல் வந்தது. எந்த நிலம் வனம், எந்த நிலம் இச்சட்டத்துக்கு உட்படாது என்பதை அது புதிதாக வரையறுத்தது. சர்க்காரின் மிருகக் காட்சிசாலைகளையும், வனச் சுற்றுலாவுக்கான சில வசதிகளையும் தடைக்கு உட்பட்ட காரியங்களின் பட்டியலிலிருந்து நீக்கியது. அருவியும் பள்ளத்தாக்கும் நிறைந்த மலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய மாறுதல் என்பதில் சந்தேகமில்லை. அது நன்மையா, தீமையா என்பதில் அபிப்பிராய பேதம் இருக்கலாம். ஆனால் வெள்ளிமலையிலிருந்து ஒருவர், “எங்கள் அங்கத்தினர் இதற்கு எப்படி ஓட்டளித்தார்?” என்று கேட்டால், அவருக்குக் காட்ட ஒரு பட்டியலும் கிடையாது! லோக்சபையில் 2023 ஜூலை 26-ந் தேதியும், ராஜ்யசபையில் ஆகஸ்டு 2-ந் தேதியும் மசோதா குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறியது. ஆதரித்தவர்கள் யார், எதிர்த்தவர்கள் யார், அன்று சபைக்கே வராதவர்கள் யார் என்பதைப் பெயர் பெயராகக் காட்டும் டிவிஷன் பட்டியல் இல்லை.

சமவெளி விவசாயிகளின் கதையும் இதுதான். 2020 செப்டம்பரில் வந்த விவசாய மசோதாக்களுள் இரண்டு, 20-ந் தேதி ராஜ்யசபைக்கு வந்தன. எதிர்க்கட்சியினர் டிவிஷன் கேட்டார்கள். பெருங்குழப்பத்தினிடையே மசோதாக்கள் குரலாலேயே நிறைவேறின. வருஷம் ஒன்று சென்றது. டில்லி எல்லையில் விவசாயிகள் மாதக் கணக்கில் உட்கார்ந்து கிளர்ச்சி செய்த பின், 2021 நவம்பர் 29-ந் தேதி அந்தச் சட்டங்களை ரத்துச் செய்யும் மசோதா இரு சபைகளிலும் ஒரே நாளில், விவாதமில்லாமல், அதுவும் குரலாலேயே நிறைவேறியது. போட்ட முடிச்சிலும் பெயரில்லை, அவிழ்த்த முடிச்சிலும் பெயரில்லை!

பெயர் பதிவாகும் இடங்கள்

எல்லாமே இப்படி என்று மனம் தளர வேண்டாம். அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டுமானால் வந்திருந்து ஓட்டளிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவு தேவை. அதைக் காதால் அளக்க முடியாது. எண்ணித்தான் ஆக வேண்டும். சட்டசபைகளிலும் லோக்சபையிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கும் திருத்தம் 2023 செப்டம்பர் 20-ந் தேதி லோக்சபையில் 454-க்கு 2 என்ற கணக்கிலும், மறுநாள் ராஜ்யசபையில் 214-க்கு எதிர்ப்பின்றியும் நிறைவேறியது.

சாதாரண விஷயங்களிலும் சில சமயம் டிவிஷன் நடக்கிறது. தமிழ்நாட்டைச் சேர்ந்த இரண்டு உதாரணங்களைப் பார்க்கலாம்.

சில்லறை வியாபாரத்தில் அந்நிய மூலதனத்தை அனுமதிப்பதற்கு எதிரான பிரேரணை 2012 டிசம்பர் 5-ந் தேதி லோக்சபையில் ஓட்டுக்கு வந்தது. 218-க்கு 253 என்று தோற்றது. அந்நிய மூலதனம் தனக்குச் சம்மதமில்லை என்று சொன்ன தி.மு.க., சர்க்கார் பக்கமே ஓட்டளித்தது. மத்திய சர்க்காருக்கு ஆபத்து வரக்கூடாது என்பது அது கூறிய காரணம். அப்போது கள்ளக்குறிச்சியின் அங்கத்தினர் அக்கட்சியைச் சேர்ந்தவரே.

குடியுரிமைச் சட்டத் திருத்தம் 2019 டிசம்பர் 11-ந் தேதி ராஜ்யசபையில் 125-க்கு 105 என்று நிறைவேறியது. இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு அதில் இடமில்லை என்ற குறை இங்கே பலமாக எழுந்தது. அ.தி.மு.க.வின் 11 அங்கத்தினரும், பா.ம.க.வின் ஒருவரும் ஆதரவாக ஓட்டளித்தார்கள். இந்தப் பன்னிரண்டும் எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால் கணக்கு 113-க்கு 117 ஆகியிருக்கும். 2021-ம் வருஷத் தேர்தலிலோ, அச்சட்டத்தைக் கைவிடும்படி மத்திய சர்க்காரை வற்புறுத்துவோம் என்று அ.தி.மு.க. தன் தேர்தல் அறிக்கையில் சொல்லிற்று.

இந்தக் கட்சிகள் செய்தது சரியா, தவறா என்பதைக் குறித்து இங்கே வழக்காடப் போவதில்லை. ஒருவன் விரும்பாத மருந்தைக் குடிப்பதற்கும் காரணம் இருக்கலாம். ஆனால் மேடையில் சொன்னது ஒன்று, சபையில் போட்ட ஓட்டு வேறொன்று என்று தெரிந்தால்தான், “ஏன்?” என்று கேட்க முடியும். இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. ராஜ்யசபை அங்கத்தினர்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் நம்முடைய சட்டசபை அங்கத்தினர்களே. சங்கராபுரத்தில் நாம் போடும் ஓட்டு சென்னையைத் தாண்டி டில்லி வரை செல்கிறது.

கொறடாவும் மனச்சாட்சியும்

“கட்சிக் கொறடா உத்தரவு போட்டால் அதை மீற முடியாதே, பிறகு தனி மனிதரின் ஓட்டைப் பார்த்து என்ன பயன்?” என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி.

1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடாவின் உத்தரவுக்கு மாறாக ஓட்டளிப்பவரைப் பதினைந்து நாளைக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் அவர் பதவியை இழக்க நேரிடும். அதற்கு முன் நிலைமை வேறு. சென்னைச் சட்டசபையில் 1953-ல் ராஜாஜி மந்திரிசபையின் ஆரம்பக் கல்வித் திட்டத்தைப் பற்றி விவாதம் நடந்தது. பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும், மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் பழக வேண்டும் என்ற திட்டம் அது. அதைக் கைவிடக் கோரிய பிரேரணைக்கு 138-க்கு 138 என்று ஓட்டுகள் சரிசமமாக விழுந்தன. அடுத்து, திட்டத்தை நிறுத்தி வைத்து நிபுணர் குழுவிடம் விட வேண்டும் என்ற தீர்மானம் 139-க்கு 137 என்று நிறைவேறியது. மறு வருஷம் காமராஜ் முதல் மந்திரியானதும் திட்டம் கைவிடப்பட்டது. தனித்தனி மனிதர்களின் ஓட்டு ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் படிப்பைத் தீர்மானித்த காலம் அது.

இன்று அந்தச் சுதந்திரம் குறுகிவிட்டது. என்றாலும் கொறடாவின் உத்தரவு கட்சியின் எண்ணத்தைக் காட்டும் கண்ணாடி அல்லவா? அந்தக் கட்சியின் சின்னத்தில் நின்று ஜயித்தவர் அந்த ஓட்டுக்கும் பொறுப்பாளிதான். தவிர, சபைக்கு ஒழுங்காக வருவதையும், கேள்வி கேட்பதையும், தொகுதியின் கஷ்டத்தை எடுத்துப் பேசுவதையும் எந்தக் கொறடாவும் தடுப்பதில்லை. உத்தரவை மீறி ஓட்டளிப்பவர்களும் இல்லாமல் போகவில்லை. 2017 பிப்ரவரி 18-ந் தேதி தமிழ்நாட்டுச் சட்டசபையில் நம்பிக்கைத் தீர்மானம் வந்தபோது இரகசிய ஓட்டெடுப்பு வேண்டும் என்ற கோரிக்கையைச் சபாநாயகர் ஏற்கவில்லை. அங்கத்தினர்களைப் பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் செய்து எண்ணினார்கள். 122-க்கு 11. அந்தப் பதினொருவர் யார் என்பதை மறுநாள் தமிழகமே அறிந்திருந்தது.

வீட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகம்

நாம் செய்யக் கூடியது என்ன? பால் கணக்குக்கும் மளிகைக் கணக்குக்கும் வீட்டில் நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். ஓட்டுக் கணக்குக்கும் நான்கு பக்கம் ஒதுக்கலாம். நம் குடும்பத்தையும் ஊரையும் பாதிக்கும் சட்டங்கள் வருஷத்துக்கு ஐந்தாறுக்கு மேல் இரா. தேதி, மசோதாவின் பெயர், நம் அங்கத்தினரும் அவர் கட்சியும் நின்ற பக்கம், அவர்கள் கூறிய காரணம் என்று நான்கு கட்டங்கள் போதும். பார்லிமெண்டின் நடவடிக்கைக் குறிப்புகளை இணையத்தில் யாரும் பார்க்கலாம். டிவிஷன் நடந்த நாளின் பட்டியல் பெயரோடு அதில் இருக்கிறது. அங்கத்தினரின் வருகையையும் கேள்விகளையும் பி.ஆர்.எஸ். என்ற ஆராய்ச்சி ஸ்தாபனம் தொகுத்து வெளியிடுகிறது. கல்லூரிக்குப் போகும் பெண்ணோ பிள்ளையோ வீட்டில் இருந்தால் அரைமணி நேர வேலை.

மூன்றாவது கட்டத்தில் “பெயர் பதிவில்லை” என்று அடிக்கடி எழுத வேண்டியிருக்கும். அதுவும் ஒரு செய்திதான். பிரிட்டிஷ் காமன்ஸ் சபை 1836 முதல் டிவிஷன் பட்டியலைத் தானே அச்சிட்டு வெளியிடுகிறது. அமெரிக்காவில் சபைக்கு வந்திருப்போரில் ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டால், ஒவ்வொருவரின் ஓட்டையும் பெயரோடு பதிந்தாக வேண்டும் என்பது அரசியல் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. நமது சபையிலும் டிவிஷன் கேட்க ஓர் அங்கத்தினர் போதும். கேட்க வேண்டும் என்ற எண்ணம்தான் வேண்டும்.

ஆகவே அடுத்த முறை அபேட்சகர் வாசலுக்கு வரும்போது, சாலையைப் பற்றியும் குடிநீரைப் பற்றியும் கேட்ட பிறகு இன்னும் இரண்டு கேள்விகள் கேட்போம். “இந்த நோட்டில் எழுதியிருக்கும் மசோதாக்களில் தாங்களும் தங்கள் கட்சியும் நின்ற பக்கத்துக்குக் காரணம் என்ன? எங்கள் நிலத்தையும் காட்டையும் தொடும் சட்டம் மறுபடி வந்தால், எழுந்து நின்று டிவிஷன் கேட்பீர்களா?”

கல்வராயன் மலையில் பத்து ஏக்கருக்கும் குறைந்த நிலத்தை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு, இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் பதில் ஒரு தார்ச்சாலையை விடக் குறைந்த மதிப்புடையதன்று.