பழவேற்காட்டுக் கட்டமும் நைஜீரியக் கல்யாணமும்

கல்யாண உடைன்னதும் வெள்ளை கவுன் ஆதிகாலத்து வழக்கம்னு நினைக்கிறோம். ஐரோப்பாவில் அது பரவலானது 1840-இல் விக்டோரியா ராணி வெள்ளை சாட்டினில் மணம் முடித்த பிறகுதான். அதற்கு முன் மணப்பெண்கள் பல நிறங்களிலும் உடுத்தினார்கள்.

நம்ம திருவள்ளூர் மாவட்டத்துக்கும் இப்படி ஒரு கதை இருக்கு. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குக் கிழக்கே, கடலோரத்தில் பழவேற்காடு. 1613-இல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்ட்ரியா கோட்டை கட்டினார்கள். அவர்களுக்கு வேண்டியது துணி. அதைக் கொடுத்துத்தான் இந்தோனேசியத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். வண்ணக் கைக்குட்டைத் துணிக்கு ஆங்கிலத்தில் 'புலிக்காட்' என்றே பெயர் ஆயிற்று.

சோழமண்டலக் கரையின் கட்டம் போட்ட பருத்தித் துணி ஐரோப்பியக் கப்பல்களில் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் போனது. அங்கே அடிமைகளை வாங்க விலையாகக் கொடுத்த சரக்குகளில் இந்தியத் துணியும் ஒன்று. அடிமை வியாபாரம் ஒழிந்தது, துணி நின்றுவிட்டது. நைஜீரியாவின் கலபாரி மக்கள் அதை 'இஞ்சிரி' என்று சொல்லி, சடங்குகளில் உடுத்துகிறார்கள். இக்போ கல்யாணங்களில் இன்றும் கட்டும் 'ஜார்ஜ்' துணியின் பெயர், சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள்.

நமக்கு அந்தக் கட்டம் வெறும் லுங்கி. அவர்களுக்கோ பெட்டியில் பூட்டி வைத்து, மகளுக்குக் கொடுக்கும் சீர். 'பாரம்பரிய உடை' என்று யாராவது சொன்னால், அது எந்தக் கப்பலில், எந்த விலைக்கு வந்தது என்றும் கேட்டுப் பார்க்கணும்.