எக்ஸ்எம்எல் ஃபைலைத் திறந்தாச்சு... 'சேவ்' கொடுக்கலாமா?

சூலூரில் தறி ஓட்டுபவரின் கணக்கு டேலியில் இருக்கும். அதைச் சரிபார்க்கும் ஆடிட்டர் கோவையில் இருப்பார். இரண்டுக்கும் நடுவே மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் போய் வருவது 'டேபுக்.எக்ஸ்எம்எல்', 'மாஸ்டர்.எக்ஸ்எம்எல்' மாதிரியான ஃபைல்கள். "சார், நீங்க அனுப்புன ஃபைலு தொறக்கவே மாட்டேங்குதுங்க" என்று ஒரு போன் வந்தால் ஆச்சரியமில்லை.

உண்மையில் அது திறக்க முடியாத ஃபைல் இல்லை. எக்ஸ்எம்எல் என்பது வெறும் எழுத்துதான். ஒவ்வொரு தகவலுக்கும் முன்னும் பின்னும் கோண அடைப்புக்குள் ஒரு பெயர் இருக்கும், அவ்வளவே. டபிள்யூ3சி அமைப்பு 1998 பிப்ரவரி 10 அன்று இதன் முதல் தரநிலையை வெளியிட்டது. நோட்பேடில்கூடத் திறக்கலாம். பிரச்சினை திறப்பதில் இல்லை, திறந்த பிறகு நாம் செய்வதில்தான்.

முதல் வில்லங்கம் தமிழ். ஃபைலின் முதல் வரியில் எந்த எழுத்துக் குறியாக்கம் என்று பொதுவாக எழுதியிருக்கும், யூடிஎஃப்-8 அல்லது யூடிஎஃப்-16. அதைப் பார்க்காமல் நோட்பேடில் 'ஆன்சி' என்று சேமித்தால், லெட்ஜரில் தமிழில் இருந்த பெயரெல்லாம் கேள்விக்குறி ஆகிவிடும். மூடித் திறந்தாலும் திரும்ப வராது. பழைய பிரதி இருந்தால் தப்பித்தீர்கள்.

அடுத்தது '&'. நம்ம ஊரில் பாதி கடைப் பெயர்களில் இது இருக்கும். எக்ஸ்எம்எல்லில் இந்தக் குறிக்குத் தனி வேலை உண்டு. அதனால் கையால் எழுதும்போது '&' குறியோடு ஏ, எம், பி என்ற ஆங்கில எழுத்துகளையும் ஒரு அரைப்புள்ளியையும் சேர்த்தே எழுத வேண்டும். ஒரே ஒரு இடத்தில் வெறும் '&' இருந்தாலும் முழு ஃபைலும் நிராகரிக்கப்படும். நோட்பேட் இதைக் கண்டுகொள்ளாது. ஆக்சிஜன் போன்ற எக்ஸ்எம்எல் எடிட்டர்கள் எந்த வரியில் தப்பு என்று சிவப்பில் காட்டிவிடும். அதற்காகத்தான் தனி எடிட்டர்.

இதுவரை சொன்னது நம் கம்ப்யூட்டரில் உள்ள ஃபைல். வேறு ஊரில், சர்வரில் உள்ள ஃபைல் என்றால்? ஆக்சிஜனில் 'ஓப்பன் யூஆர்எல்' என்ற வசதி இருக்கிறது. எஃப்டிபி, எஸ்எஃப்டிபி, வெப்டேவ் முகவரியைக் கொடுத்து நேரடியாகத் திறக்கலாம். பார்க்க நம்ம மெஷினில் இருப்பது மாதிரியே தெரியும். ஆனால் நடப்பது வேறு: எடிட்டர் ஒரு பிரதியை எடுத்து வருகிறது, நீங்கள் அதில் திருத்துகிறீர்கள், 'சேவ்' கொடுத்ததும் அது சர்வருக்குப் போய்ப் பழையதன் மேல் உட்கார்ந்துகொள்கிறது.

இங்கேதான் சிக்கல். சூலூரில் ஒருவரும் கோவையில் ஒருவரும் ஒரே ஃபைலை எஃப்டிபியில் திறந்தால், யார் கடைசியாக சேவ் செய்கிறாரோ அவர் திருத்தம் மட்டுமே மிஞ்சும். மற்றவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து போட்ட என்ட்ரி சத்தமில்லாமல் காணாமல் போகும். வெப்டேவில் ஃபைலைப் பூட்டி வைக்கும் வசதி உண்டு, சர்வர் அதை ஆதரிக்க வேண்டும். இன்னொன்று, சாதாரண எஃப்டிபியில் பாஸ்வேர்டு மறைக்கப்படாமல் அப்படியே பயணிக்கிறது. 2021-லேயே குரோமும் ஃபயர்பாக்ஸும் எஃப்டிபிக்கு டாட்டா காட்டிவிட்டன. எஸ்எஃப்டிபி கேட்டு வாங்குங்கள்.

டேலியே ஒரு சின்ன சர்வராகவும் இயங்கும். வழக்கமாக 9000 என்ற போர்ட்டில், எக்ஸ்எம்எல்லில் கேட்டால் எக்ஸ்எம்எல்லில் பதில் சொல்லும். ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் அருமையான வசதி. வீட்டிலிருந்து பார்க்கலாமே என்று அந்த போர்ட்டை இணையத்துக்குத் திறந்து விடுவது, கல்லாப்பெட்டியை பஸ் ஸ்டாண்டில் வைப்பது மாதிரி.

கணக்கே வேண்டாம் என்பவர்களிடமும் ஒரு எக்ஸ்எம்எல் இருக்கலாம்: ஆதார் ஆஃப்லைன் இ-கேஒய்சி. ஜிப் ஃபைலாக வரும், நீங்கள் வைத்த நான்கு எழுத்து ஷேர் கோடுதான் அதன் சாவி. உள்ளே பெயர், முகவரி, பிறந்த தேதி, புகைப்படம் எல்லாம் இருக்கும், முழு ஆதார் எண் இருக்காது. கூடவே ஆதார் ஆணையத்தின் டிஜிட்டல் கையெழுத்தும். எடிட்டரில் திறந்து பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் 'ஃபார்மேட்' பட்டனை அழுத்தி வரிகளை அழகாக அடுக்கி சேவ் செய்தால் போச்சு. ஒரு எழுத்துகூட மாறாமல் வெறும் இடைவெளி கூடினாலே கையெழுத்து பொருந்தாது, வாங்குபவரின் சிஸ்டம் ஏற்காது.

கூகுளில் தேடி ஏதோ ஒரு 'ஆன்லைன் எக்ஸ்எம்எல் வியூவர்' தளத்தில் இதை ஏற்றுவது அதைவிட மோசம். அது உங்கள் போட்டோவையும் முகவரியையும் தெரியாத சர்வருக்கு அனுப்புவது. யாராவது கேட்டால் ஜிப்பைப் பிரிக்காமல் அப்படியே கொடுங்கள். ஷேர் கோடைத் தனியாக, போனில் சொல்லுங்கள்.