தேர்ச்சி பெறாத அந்த நான்கு பேர்

பத்தாம் வகுப்பு முடிவு வெளியாகும் நாளில் ஆசிரியர் அறையில் முதலில் எழும் கேள்வி, "எத்தனை விழுக்காடு?" என்பதுதான். சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் நான்கு பேர் மட்டுமே தவறினர். மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போனேன். ஆகஸ்டில் அவர்களில் ஒருவனை முதலியார்பேட்டையில் ஒரு டூவீலர் பட்டறையில் பார்த்தேன். கணக்கில் மட்டும் தவறியவன். "துணைத்தேர்வு எழுதலையாப்பா?" என்றேன். "அது எப்பன்னு யாரும் சொல்லலையே சார்" என்றான். சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

நம் ஊரில் ஒரு காலத்தில் இது இவ்வளவு பெரிய இழப்பாக இருந்ததில்லை. 1898இல் தொடங்கிய ரோடியர் மில், அதாவது ஏ.எஃப்.டி. ஆலை, படிப்பை முடிக்காத பலருக்கும் மாதச் சம்பளம் தந்தது. 2020இல் அதுவும் மூடப்பட்டது. இன்று ஏதாவது ஒரு சான்றிதழ் கையில் இல்லாதவனுக்குத் தினக்கூலி வேலைதான் எளிதில் கிடைக்கிறது.

வழிகள் இல்லாமல் இல்லை. சி.பி.எஸ்.இ.யில் இரண்டு பாடங்கள் வரை தவறியவர் அதே ஆண்டில் மீண்டும் எழுதலாம். ஆனால் விண்ணப்பிக்கக் கிடைப்பது சில நாள்களே. அதற்கு மேல் தவறியவருக்கு என்.ஐ.ஓ.எஸ். உண்டு. ஏற்கெனவே தேறிய இரண்டு பாடங்கள் வரை அங்கே கணக்கில் சேரும். முடிக்க ஐந்து ஆண்டு அவகாசம்.

பெற்றோர் பலரும் அறியாதது ஐ.டி.ஐ. வழி. பத்தில் தவறியவனும் எட்டு தேறியவன்தானே! வெல்டர் (ஓராண்டு), வயர்மேன் (இரண்டாண்டு) போன்ற பிரிவுகளுக்கு அந்த எட்டாம் வகுப்பே போதும். இரண்டாண்டுப் பிரிவை முடித்தவர் என்.ஐ.ஓ.எஸ்.இல் மொழிப்பாடம் உள்ளிட்ட சில பாடங்களை எழுதிப் பத்தாம் வகுப்புத் தகுதியும் பெறலாம். 'தவறியவன்' என்றே பேசிப் பழகியதால் இது நமக்கே தோன்றுவதில்லை.

அந்தப் பையன் மறு ஆண்டு மேட்டுப்பாளையம் அரசு ஐ.டி.ஐ.யில் வயர்மேன் பிரிவில் சேர்ந்தான். ஓராண்டு போனது போனதுதான். பட்டறையில் கிடைத்த தினக்கூலியை விட்டுவர அவன் அம்மாவைச் சம்மதிக்க வைக்க மூன்று முறை வீட்டுக்குப் போனேன். முடிவு வந்த வாரத்திலேயே போயிருந்தால் ஒருமுறை போதுமாக இருந்திருக்கும். அப்போது அவன் இன்னும் சம்பாதிக்கத் தொடங்கியிருக்கவில்லை.

இப்போதெல்லாம் தேர்வுக்கு முன்பே ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு கைப்பேசி எண்களைக் குறித்துக்கொள்கிறேன். ஒன்று பெற்றோருடையது, மற்றது அத்தை, சித்தி, பக்கத்து வீட்டார் என யாருடையதாவது. அந்த நால்வரில் ஒரு மாணவி நேரு வீதியில் துணிக்கடை ஒன்றில் வேலை செய்வதாகக் கேள்விப்பட்டுப் போனேன். நின்றுவிட்டாள் என்றார்கள். வருகைப் பதிவேட்டில் இருந்த ஒரே எண் உபயோகத்தில் இல்லை.