கல்லுக்குள் அமிலம் சுரப்பது யார்?

ஜெர்மனியின் கொலோன் பேராலயத்துக்கு 1248இல் அடிக்கல் நட்டார்கள். கட்டி முடித்தது 1880இல். பழுதுபார்ப்பு மட்டும் இன்னும் முடியவில்லை. இப்படிப் பழைய கட்டடங்களில் கல் உதிர்ந்தால் பழி முதலில் புகைமேல்தான் விழும். ஆனால் கல்லின் நுண்துளைகளுக்குள் நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களும் குடியிருக்கலாம். காற்றிலும் புறா எச்சத்திலும் வரும் அம்மோனியாவை இவை நைட்ரைட்டாக்கும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். அப்போது உண்டாகும் அமிலம் கல்லிலுள்ள சுண்ணாம்பைக் கரைக்கும்.

கல்லில் நைட்ரேட் இருந்தால் பாக்டீரியாதான் குற்றவாளியா? இல்லை, வாகனப் புகையும் அதே தடயத்தைத்தான் விட்டுச்செல்லும். தலை எண்ணுவதிலும் பயனில்லை. உறங்கும் செல்லும் கணக்கில் சேர்ந்துவிடும். வேலை நடக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சுரண்டிய கல்தூளை நீர்த்த அம்மோனியம் உப்புக் கரைசலில் போட்டு, இருட்டில் குலுக்குவார்கள். கொஞ்சம் குளோரேட்டும் சேர்ப்பதுண்டு. அது இரண்டாம் வகையின் கையைக் கட்டிவிடும். நைட்ரைட் அப்படியே தேங்கும். அவ்வப்போது சில துளிகள் எடுத்து வினைப்பொருள் விட்டால் இளஞ்சிவப்பு தெரியும். நிறம் எவ்வளவு வேகமாக அடர்கிறதோ, அவ்வளவு சுறுசுறுப்பு. சூடேற்றிக் கிருமிநீக்கிய தூளும் ஒப்பீட்டுக்குப் பக்கத்திலேயே ஓடும்.

மின்மினியின் நொதியைக் கொண்டு, உயிருள்ள செல்களின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியை ஒளிரவைக்கும் இன்னொரு சோதனை நொடிகளில் முடியும். பாசியும் பூஞ்சையும் சேர்ந்தே ஒளிரும் என்பதுதான் தொல்லை.

நைட்ரைட் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. குடுவையில் தண்ணீருக்கும் தீனிக்கும் பஞ்சமில்லை. காய்ந்த சுவரில் அந்த வேகம் இருக்காது. ஆகவே கிடைக்கும் எண் பாக்டீரியாவின் திறன்தான். சுவர் இன்று இழக்கும் கல்லின் அளவல்ல.